பாலம் ஏறினால் மலை ஏறுமா?

அன்புள்ள அப்பு,

போன வாரம் ஃபோனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்மா, சக்கரத்துக்குள்ளயே மோட்டார் இருக்கே, அந்த வண்டியை எடுக்கவா, இல்ல நடுவுல மோட்டார் வச்ச வண்டியை எடுக்கவா? நீ சொல்றதுதான் முடிவு" என்றாய். அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கருகிப்போன ஒரு கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பிக் காயிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டு அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதில் எனக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பாதியில் "சரிம்மா, சரிம்மா, வைக்கிறேன்" என்று நீ தப்பிக்க முடியாது.

நீ ஸ்டெல்லாவைக் கைப்பிடித்து நான்கு மாதம்தான் ஆகிறது. கல்யாணப் பந்தல்காரன் மறந்துவிட்டுப் போன கயிறு இன்னும் நம் மாடிக் கம்பியில்தான் தொங்குகிறது. அதற்குள் அவளுடைய அப்பா ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துப் படுத்துவிட்டார். சிறுமலையில் அவர்களுக்கு வாழையும் மிளகுமாக ஒரு தோட்டம், வயதான அம்மா, ஒரே பிள்ளையாக ஸ்டெல்லா. நீ இங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலையை விடாமல், மலையில் தங்கி, காலையில் இறங்கி, சாயங்காலம் ஏறிக்கொள்கிறேன் என்றாய். நீ அதைச் சொன்ன விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னாய்.

உன் அப்பா சாப்பாட்டில் கையை வைத்தபடியே நிமிர்ந்தார். "ஏலே, வீட்டோட மாப்பிள்ளையாப் போறேங்குறியா? சொல்ல வெக்கமா இல்ல?"

"மாமாவால ஒருக்களிச்சுப் படுக்கக்கூட முடியலப்பா. நான் போகாம வேற யாரு போவா?"

"போ. தாராளமாப் போ. ஆனா அந்த வீட்டு வாசப்படியை நான் வந்து மிதிப்பேன்னு மட்டும் நெனைச்சுக்காத."

நீயும் அவர் மகன்தானே. அவர் வாங்கிக் கொடுத்த பைக்கின் சாவியை எடுத்து அவருடைய பட்டறை மேசைமேல் வைத்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டாய். அந்த வண்டி இன்னும் கடைக்குப் பக்கத்துச் சந்தில்தான் நிற்கிறது. அவர் அதைத் தொடுவதில்லை, துடைப்பதும் இல்லை. ஆனால் மழை வந்தால் மட்டும் எழுந்து போய்த் தார்ப்பாயைப் போட்டுவிட்டு வருகிறார். தெருவில் தண்ணீர் பிடிக்கப் போனால், "என்னக்கா, மறுவீட்டுக்குப் போன மகன் இன்னும் திரும்பலையா?" என்கிறார்கள். "வழி தெரியலையாம், நீ போய்க் கூட்டிட்டு வா" என்று நானும் சுடச்சுடக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். வீட்டுக்குள் வந்து குடத்தை இறக்கி வைத்ததும் கண் கலங்கிவிடும்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து நீ வருவதற்குள் கடைசி பஸ் போய்விடுகிறது. தினமும் மலை ஏறி இறங்கினால் பெட்ரோலுக்குக் கட்டாது, வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் போட இடம் தருகிறார்கள், அதனால் பேட்டரி வண்டி என்று முடிவு செய்தாய். சரியான யோசனைதான். நாம் சறுக்கியது அதற்கு அடுத்த படியில்.

நாம் சமவெளி ஆட்கள். நமக்கு ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான். நம் ஊரில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் பாலத்தில் ஏற்றிப் பார்ப்பார்கள். அது திணறாமல் ஏறிவிட்டால், வண்டிக்கு இனி ஏறாத இடமே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். சக்கரத்துக்குள் மோட்டார் வைத்த வண்டியைக் காட்டிய அந்த ஷோரூம் தம்பியும் அதையே சொன்னான்: "பாலத்துல ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கக்கா, அப்புறம் பேசுவோம்." நீ ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். ஒரு டவுன் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, சத்தமே இல்லாமல் உச்சிக்குப் போய் நின்றோம். நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாயே, "பாத்தியாம்மா, அம்புட்டும் ஏறிருச்சு!" என்று. கல்யாணத்தன்றுகூட நீ அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். மோட்டாருக்குக் காயில் கட்டிக் கட்டியே விரல் நுனி மரத்துப்போன நான், ஒரே மூச்சில் முடிந்துவிடும் பாலம் எங்கே, அரை மணிக்கு மேல் ஓயாமல் ஏறும் மலை எங்கே என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

நல்லவேளை, வாங்குமுன் ஒரு நாள் மலைக்கு எடுத்துப் போய்ப் பார்க்கக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கிளம்பினோம். வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்திச் சாமியாரிடம் மந்திரித்துக்கொள்ளலாம் என்று நீ அவசரப்பட்டாய். வாங்கின பிறகு மந்திரிக்கலாம், இரவல் வண்டிக்கு எதற்கு என்று நான் தடுத்தேன். முன்னால் அரிசிப் பை, என் மடியில் சம்பந்திக்குத் தேய்க்கும் எண்ணெய், ஸ்டெல்லாவுக்கு முறுக்கு. அடிவாரத்தில் வண்டி நன்றாகத்தான் போனது. முதல் வளைவுகளையும் தாண்டியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் இறங்கியது. நீ ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்திருந்தாய். நடந்து போகிறவன் நம்மை முந்திவிடுவான் போல இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த வாசனை வந்தது. காயிலில் பூசிய வார்னிஷ் சூடேறும் வாசனை. இவ்வளவு வருஷமாக எந்த வாசனையை வைத்து நான் சோறு தின்கிறேனோ, அதே வாசனை.

"அப்பு, நிறுத்து" என்றேன்.

"இன்னும் ரெண்டு வளைவும்மா, அப்புறம் ஏத்தம் கொறைஞ்சிரும்."

அடுத்த வளைவில் வண்டி தானாகவே நின்றது. நின்றதோடு விடாமல் பின்னால் உருளத் தொடங்கியது. நீ இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, "எறங்கும்மா! கல்லு, கல்லை எடுத்து வை!" என்று கத்தினாய். நான் காலை ஊன்றப் போய், செருப்பு வழுக்கி, எண்ணெய்ப் பாட்டில் உருண்டு, எப்படியோ ஒரு கல்லைத் தள்ளிப் பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தேன். நமக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை. சக்கரத்தின் நடுவே கையை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்லில் வைத்தது போல் சுட்டது. வாழைத்தார் ஏற்றி வந்த ஜீப்காரர் நிறுத்தி எட்டிப் பார்த்தார். "பேட்டரி வண்டியா? இனி மேல ஏத்தாதீங்கத்தா. செத்த நேரம் ஆறட்டும், அப்பிடியே எறக்கிக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி ஆறும்வரை அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். கீழே நம் ஊர் முழுதும் தெரிந்தது. மலைக்கோட்டை, மண்டிகளின் தகரக் கூரைகள், அந்த மேம்பாலம்கூட. மேலேயிருந்து பார்க்கும்போது அது தரையோடு தரையாகக் கிடந்தது.   அந்த நேரத்தில் என் மனசுக்குள் என்ன ஓடியது தெரியுமா? நல்லதாப் போச்சு என்றுதான் ஓடியது. வண்டி ஏறாவிட்டால் நீ ஏற மாட்டாய், ஸ்டெல்லாவையும் அவள் அப்பாவையும் கீழே கூட்டிக்கொண்டு வந்துவிடுவாய், பக்கத்திலேயே ஒரு வீடு பார்ப்பாய், தெருக்காரர்கள் வாயை மூடுவார்கள், உன் அப்பாவும் நீயும் பழையபடி ஒரே தட்டிலிருந்து பக்கோடா எடுத்துத் தின்பீர்கள். இப்போதுதான் செத்துப் பிழைத்தோம் என்பதுகூட மறந்து, நான் மனசுக்குள் வீடே பார்த்து முடித்துவிட்டேன்.

அப்போது நீ ஸ்டெல்லாவைக் கூப்பிட்டாய். "வண்டி நின்னுருச்சு. இன்னைக்கு வர முடியாது. நாளைக்கு பஸ்ல வாரேன்" என்று நீ சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. வாய் கோணிப்போனவர் குழறிக் குழறிக் கேட்கும் குரல். "மாப்ள... வந்துட்டாரா?" அவ்வளவுதான். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பெற்ற மகனை நான் எதிர்பார்ப்பது போலவே உன்னை அங்கே ஒரு மனுஷர் படுத்த படுக்கையில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு நீ வராமல் போனதில் நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு என்னை நினைத்து அருவருப்பாக இருந்தது, அப்பு.

இனி மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு விவசாயி வருஷத்துக்கு ஒரு தரமாவது கருகின மோட்டாரோடு நம் கடைக்கு வந்து நிற்பாரே, நினைவிருக்கிறதா? நம் காயிலில் குறை என்று சண்டைக்கு வருவார். உன் அப்பா ஒரு நாள் அவர் கிணற்றுக்கே போய்ப் பார்த்தார். பம்பில் சேறு அடைத்து, உள்ளே சுற்ற வேண்டியது சுற்ற முடியாமல் கிடந்தது. கரண்ட் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சுற்ற வழியில்லாத மோட்டாருக்குள் போகிற கரண்ட் எல்லாம் சூடாகத்தான் மாறும். சூட்டில் வார்னிஷ் உருகும், கம்பியோடு கம்பி ஒட்டும், கதை முடிந்தது. அன்றைக்கு அந்த வளைவில் நம் வண்டிக்கு நடந்ததும் அதேதான். சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டார், சக்கரம் எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் சுற்ற முடியும். செங்குத்தில் சக்கரம் நகர்ந்தால் போதும் என்றாகிவிடுகிறது, மோட்டார் உள்ளேயே வெந்துபோகிறது. மூடின சக்கரத்துக்குள் காற்றும் போகாது. சமவெளியில் ஓட்டுகிறவனுக்கு அது நல்ல மோட்டார்தான், குறை சொல்ல மாட்டேன். சத்தம் இல்லை, செயின் இல்லை, தொந்தரவு இல்லை.

நடுவில் இருக்கும் மோட்டார் அப்படி இல்லை. அது தன் வேகத்தில் சுற்றும். சின்னப் பல்சக்கரத்திலிருந்து பெரிய பல்சக்கரத்துக்கு செயின் வழியாகப் போகும்போது வேகம் குறைந்து இழுவை கூடும். பின் சக்கரம் மெல்ல நகர்ந்தாலும் மோட்டாருக்கு மூச்சு முட்டாது. செயினுக்கு எண்ணெய் விட வேண்டும், மலையின் ஈரத்தில் துருப்பிடிக்காமல் பார்க்க வேண்டும், அந்த வேலை உண்டு. இன்னொன்று, ஷோரூம் போர்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து மயங்காதே. அது மோட்டார் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காட்டும் பலம். ஓயாமல் ஏறும்போது எவ்வளவு தரும் என்று கேள். அதைச் சொல்லாத கடையில் வாங்காதே. இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்துக்கொண்டு பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்ட் திருப்பி அனுப்புமாம். ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அது பிடிக்காது என்கிறார்கள். அதனால் மலையில் இருக்கும்போது முழுக்க சார்ஜ் ஏற்றாதே. கீழே ஆஸ்பத்திரியில் நிறைத்துக்கொள். எது எப்படியானாலும் பிரேக் கட்டையை மாதாமாதம் பார்.

இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவிடாமல் என்னைத் தடுத்தது, அந்தச் சுவரில் உட்கார்ந்தபோது வந்த அதே நினைப்புதான். "சக்கரத்து மோட்டாரே போதும்டா, அன்னைக்கு அரிசிப் பையும் நானும் இருந்ததால நின்னுருச்சு, நீ தனியாப் போனா ஏறிரும்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ நம்பியிருப்பாய். மோட்டார் விஷயத்தில் நான் சொல்லி நீ தட்டியதில்லை. இரண்டு மாதம் திணறிவிட்டு வண்டி படுத்துவிடும், நீயும் அலுத்துப்போய்க் கீழே வந்துவிடுவாய். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இறங்கி வருவதற்கு மோட்டாரே வேண்டாம், அப்பு. வண்டி தானாக உருண்டு வந்துவிடும். என்னை விட்டு நீ ஏறிப் போவதற்குத்தான் மோட்டார். அதை நானே பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும் என்று நீ கேட்கிறாய். அதைத்தான் அடுப்பில் பால் என்று சொல்லி மழுப்பினேன்.

உன் அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ அவரைக் கல் நெஞ்சக்காரர் என்று நினைத்துக்கொண்டே இருக்காதே. கல்யாணமான புதிதில் நான் காயில் கட்டப் பழகிக்கொண்டிருந்தேன். நான் கட்டிய மோட்டார் ஒன்று சேவுகம்பட்டிக்குப் போய் ஒரே வாரத்தில் கருகிவிட்டது. தோட்டக்காரர் நட்ட வெங்காயம் காய்கிறதே என்று கடை வாசலில் நின்று கூச்சல் போட்டார். "எவன் கட்டுனது இது?" என்று கேட்டார். நான் உள்ளே மேசைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். உன் அப்பா வாசலுக்குப் போய், "நான்தான் கட்டுனேன். தப்பு என்னுது. நாளைக்குள்ள வேற மோட்டாரை வச்சுத் தண்ணி பாய்ச்சித் தாரேன்" என்றார். சொன்னபடியே செய்தார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆறுதலாகவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் என் மேசைக்கு இன்னொரு விளக்கைத் தொங்கவிட்டிருந்தார், அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்த பாஷை அதுதான். வாயால் கேட்டுக்கொண்டிருந்தால் உனக்கு அவரிடமிருந்து ஒன்றும் கிடைக்காது. கையைப் பார்க்க வேண்டும்.

ஸ்டெல்லாவிடமும் நீ அப்படி இருந்துவிடாதே என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். உனக்கு அவருடைய கையும் வரவில்லை, என்னுடைய வாயும் வரவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாய். அந்தப் பெண் அப்பாவைத் தூக்கிப் படுக்க வைத்து, அம்மாவுக்குக் கஞ்சி வைத்து, தோட்டத்தையும் பார்த்துவிட்டு, உன் வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருப்பாள். பேட்டரி வண்டிக்கு அந்தச் சத்தமும் கிடையாது. அதனால் வாசலுக்கு வந்ததும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. அசதியாக இருந்தால் அசதி என்று சொல். உன் மாமனாருக்கு எண்ணெய் தேய்க்கும்போது முகம் பார்த்துத் தேய். வீட்டோட மாப்பிள்ளை என்று யாராவது சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிடு. நானும் இனி தெருவில் அப்படித்தான் சொல்லப்போகிறேன். வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை கிடைப்பது லேசு இல்லை என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

நேற்று முன்தினம் நடுமோட்டார் வண்டி விற்கும் கடைக்கு ஃபோன் போட்டு விசாரித்தேன். மலை எவ்வளவு செங்குத்து, எவ்வளவு பாரம் ஏறும் என்று கேட்டார்கள். உன் எடையையும் ஸ்டெல்லாவின் எடையையும் சொன்னேன். உன் அப்பா குனிந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நான் வைத்ததும் தலையைத் தூக்காமல், "பின்னாடி எப்பவும் அந்தப் புள்ளதான் உக்காருமா?" என்றார். "வேற யாரு உக்காருவா?" என்றேன். மறுபடியும் கம்பியைச் சுற்றத் தொடங்கினார்.

நேற்று சாயங்காலம் வெங்காய மண்டிப் பக்கம் ஒரு வேலையாகப் போனார். திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "எழுபத்தாறு" என்றார்.

"என்னது எழுபத்தாறு?"

"மண்டித் தராசுல ஏறி நின்னு பாத்தேன். அந்தக் கடைக்காரன்கிட்ட சொல்லு. பின்னாடி உக்கார்ற ஆளு எழுபத்தாறு கிலோ. அதுக்குத் தக்கன இழுக்குற மோட்டாராத் தரச் சொல்லு."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அதனால் நடுவில் மோட்டார் இருக்கும் வண்டியையே எடு. என் பதில் அதுதான். எடுத்ததும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்துவிட்டு, நேராக நம் கடை வாசலுக்குக் கொண்டு வா. "வர்றீங்களாப்பா" என்று மட்டும் கேட்டுவிடாதே, கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். என்னைக் கூப்பிட்டு சைகையும் காட்டாதே. வண்டியை மலைப் பக்கம் பார்த்துத் திருப்பி நிறுத்து. நீ முன்னால் உட்கார்ந்துகொண்டு, பின் ஃபுட்ரெஸ்டை மட்டும் இறக்கி வை.

உன் அம்மா